பதிவுச் சான்றிதழில் இடம்பெறாத ஸ்பிரிங்

மட்டாஞ்சேரி பஜார் சாலையின் கிடங்குகளிலிருந்து சுக்கும் மிளகும் லாரியில் மட்டும் போவதில்லை. பின்னிருக்கையை மடக்கிவிட்டுச் சாக்குகளை ஏற்றிக்கொள்ளும் பழைய சிறு கார்களும் அந்த வேலையைச் செய்கின்றன. சில ஆண்டுகளில் அவற்றின் பின்பகுதி அமுங்கிவிடும். கடற்காற்றின் உப்பும் வேலியேற்றத்தில் தெருவுக்குள் ஏறும் காயல் நீரும் மீதியைப் பார்த்துக்கொள்ளும். அதன்பின் உரிமையாளர் தேடிப்போவது சுருள்களுக்கிடையே செருகும் ரப்பர் பஃபரை. கொஞ்சம் வசதியிருந்தால் தடித்த கம்பியாலான ஸ்பிரிங்கை.

இது சட்டப்படி குற்றமா? மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழிலுள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்தவற்றிலிருந்து வேறுபடும்படி வாகனத்தை மாற்றக்கூடாது என்கிறது. கேரளத்திலிருந்து சென்ற வழக்கொன்றில் 2019 ஜனவரி 9 அன்று உச்ச நீதிமன்றம் இத்தடையை உறுதிப்படுத்தியது. மாநில விதிகளைக் காட்டி அதைத் தளர்த்த இயலாது என்றும் கூறியது. அதே ஆண்டின் திருத்தத்தால் வந்த 182ஏ பிரிவு, அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்கிறது.

ஆனால் பதிவுச் சான்றிதழில் ஸ்பிரிங்குக்கென ஒரு கட்டமே இல்லை. எஞ்சின் எண், சேசிஸ் எண், இருக்கைகள், வண்ணம், வெற்று எடை எல்லாம் உண்டு. ஸ்பிரிங்கின் விறைப்பு இல்லை. 52ஆம் பிரிவின் விளக்கவுரையோ, வாகனத்தின் அடிப்படைத் தன்மையை மாற்றும் கட்டமைப்பு மாறுதலையே 'மாற்றம்' என்கிறது. கைப்பிடியளவு ரப்பர் துண்டு அதில் அடங்குமா என்பதை, சாலையில் வண்டியை நிறுத்தும் அதிகாரியின் கண்ணே முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. வண்ணத்தை மாற்றியவர் எளிதில் அகப்படுவார். ஸ்பிரிங்கை மாற்றியவர் தப்பிவிடுவார். ஆபத்து எங்கே இருக்கிறது என்று கேட்டால் வரிசை தலைகீழாகும்.

ஸ்பிரிங்கின் விறைப்பை 40 விழுக்காடு கூட்டினால், அதன் வர்க்கமூலத்துக்கேற்ப உடலின் இயல் அதிர்வெண் சுமார் 18 விழுக்காடு உயரும். ஷாக் அப்சார்பரை மாற்றாமல் விட்டால் தணிப்பு விகிதம் ஏறத்தாழ 15 விழுக்காடு குறையும். வண்டி உயர்ந்து நிற்கும். ஆனால் குழியைத் தாண்டியபின் துள்ளல் அடங்கத் தாமதமாகும். பின்னச்சு மட்டும் விறைத்தால், ஈரச் சாலையின் வளைவில் பின்பக்கம் வழுக்கும் போக்கும் மிகும். இதைவிட நுட்பமான தீங்கு ஒன்றுண்டு. சில வாகனங்களில் பின்னச்சுக்கும் உடலுக்கும் இடையிலான தூரத்தை அளந்து பின் பிரேக்கின் அழுத்தத்தைச் சீர்செய்யும் வால்வு இருக்கும். உடலை உயர்த்திவிட்டால், சாக்கு நிறைந்த வண்டியையும் அது சுமை குறைந்தது என்றே எண்ணும்; பின் பிரேக் உரிய அளவு பிடிக்காது. பஃபர் விற்பவர் இதைச் சொல்வதில்லை. வாங்குபவருக்குக் கேட்கவும் தோன்றுவதில்லை.

ஆகவே முழுத்தடையும் தவறு, கண்டும் காணாமல் விடுவதும் தவறு. துருப்பிடித்த ஸ்பிரிங்குடன் ஓடுவதைவிடத் தரமான மாற்று ஸ்பிரிங் மேலானது. அதைச் சட்டம் ஒளித்துச் செய்யும் வேலையாக்கிவிடக் கூடாது. ஜெர்மனியில் அனுமதியற்ற மாற்றத்தால் வாகனத்தின் இயக்க அனுமதியே போய்விடும்; அத்தனை கண்டிப்புக்கு இடையிலும், ஆய்வுச் சான்று பெற்ற ஸ்பிரிங்கைப் பொருத்தி, பரிசோதித்து, ஆவணத்தில் பதிந்துகொள்ள வழியுண்டு. இங்கும் புனேயிலும் மானேசரிலும் வாகனச் சோதனை நிறுவனங்கள் இருக்கின்றன. எந்த மாதிரிக்கு எந்த ஸ்பிரிங், அதனுடன் எந்த ஷாக் அப்சார்பர், எவ்வளவு உயரம் என்ற பட்டியலை அவற்றால் சான்றளிக்க முடியும்.

பொருத்துபவரையும் அந்த ஏற்பாடு உள்ளடக்க வேண்டும். பின்னச்சின் ரப்பர் புஷ் போல்ட்டுகளை, சக்கரங்கள் தரையில் ஊன்றி வண்டியின் எடை ஏறிய நிலையில்தான் இறுதியாக முடுக்க வேண்டும். ஜாக்கியில் தொங்கும்போதே முடுக்கினால் வண்டி இறங்கியதும் ரப்பர் முறுகி, நாளடைவில் கிழியும். பஜார் சாலை வணிகர் பணத்தைக் கொடுத்துவிட்டுத் திரும்பும் வேளையில், கே.எல்.43 எண்பலகை கொண்ட அந்தக் கார் நன்றாக உயர்ந்தே நிற்கும்; போல்ட் எப்போது முடுக்கப்பட்டது என்பது அவருக்குத் தெரியாது, பதிவு அலுவலகத்துக்கும் தெரியாது.