பக்கத்து வீட்டிலிருந்து வரும் டப்பா

சிங்கப்பூரில் 1989 முதல் இன ஒருங்கிணைப்புக் கொள்கை நடப்பில் இருக்கிறது. வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) அடுக்குமாடி வீடுகளில் ஒவ்வொரு புளோக்கிலும் வட்டாரத்திலும் ஒவ்வோர் இனத்தவரும் எத்தனை விழுக்காடு இருக்கலாம் என்று அது உச்சவரம்பு வைக்கிறது. வேலைக்குப் போய் அங்கே குடியேறும் தமிழ்க் குடும்பத்துக்கு எதிரே மலாய்க் குடும்பமும் பக்கத்தில் சீனக் குடும்பமும் அமைவது சாதாரணம். ஆனால், கதவுகளை அருகருகே வைக்கும் சட்டத்தால் அவற்றைத் திறக்கவைக்க முடியாது. அதைச் செய்வது, நோன்புப் பெருநாளன்று எதிர்பாராமல் வாசலுக்கு வரும் ஒரு டப்பா: தென்னங்குருத்தோலைக் கூட்டில் வெந்து இறுகிய கெத்துப்பாட் சோறு, தேங்காய்ப்பால் சுண்டிய ரெண்டாங், கொஞ்சம் பலகாரம். அதைத் தயங்காமல் வாங்க வேண்டும். திருப்பியும் கொடுக்க வேண்டும்.

தயக்கத்துக்குக் காரணம் இருக்கிறது. நம்மில் சிலர் சைவம்; ரெண்டாங்கோ பெரும்பாலும் மாட்டிறைச்சியில் செய்வது. ஆனால், "இதில் என்ன சேர்த்திருக்கிறீர்கள்?" என்று கேட்பது அங்கே மரியாதைக் குறைவு அல்ல. உணவங்காடிகளில் சாப்பிட்ட தட்டை வைக்கும் இடம்கூட ஹலாலுக்குத் தனி, மற்றவற்றுக்குத் தனி. நாம் கொடுக்கும்போதும் அதே கவனம் வேண்டும். தீபாவளி முறுக்கைச் சாப்பிடலாமா என்று மலாய் வீட்டார் யோசித்தால், ஹலால் முத்திரையுள்ள பொட்டலமோ பழமோ கொடுக்கலாம். வாங்கினால் கடமை வந்துவிடுமே என்பது அடுத்த தயக்கம். வரட்டும். பரிசு என்பதே திருப்பித் தரும் கடமையோடு வருவது என்று பிரெஞ்சு மானிடவியலாளர் மார்செல் மோஸ் 1925-லேயே விளக்கினார். வந்த பாத்திரத்தை வெறுமனே அனுப்பாத நமக்கு அது புதிதல்ல. இரண்டு வீடுகளுக்கிடையே போக்குவரத்து நிற்காமல் இருப்பது அந்தக் கடமையால்தான்.

பலகாரத்தால் இனப் பாகுபாடு ஒழிந்துவிடுமா என்ற கேள்வி கனமானது. இந்தியர்களுக்கு வீடு இல்லை என்று வாடகை விளம்பரம் வந்த ஊர் அது. அதைத் தட்டிக்கேட்க வேண்டியவை சட்டமும் அரசும்; டப்பா அதற்கு மாற்று ஆகாது. ஆனால், 'அந்த இனத்தவர்' என்ற பொதுப்பெயர் பெயரும் முகமும் உள்ள அண்டை வீட்டாராக மாறுவது இத்தகைய பழக்கத்தில்தான். புதிதாகக் குடிபோகிறவர்கள், அண்டை வீட்டார் முதலில் கொண்டுவரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். வரும் தீபாவளிக்கு நீங்களே முதலில் போய்க் கதவைத் தட்டுங்கள்.