வரிசையில் நிற்கவா மைதானம்?

மாலை 5 மணி. கடற்கரை மணலில் கால்பந்துப் பயிற்சி நடக்கிறது.

முப்பது சிறுவர்கள் ஒரே வரிசையில் நிற்கிறார்கள். முதலில் நிற்பவன் பந்தை உருட்டிக்கொண்டு போகிறான். நட்டு வைத்த குச்சியைச் சுற்றித் திரும்பி வருகிறான். பிறகு அடுத்தவன் போகிறான். வரிசையின் கடைசியில் ஒரு பொடியன். வயது 6. அவன் குனிந்து நண்டு வளையைத் தோண்டிக்கொண்டு இருக்கிறான்.

விசில் ஊதுகிறது.

"லேய்! பந்து விளையாட வந்தியா, நண்டு பிடிக்க வந்தியா? ரெண்டு ரவுண்டு ஓடு!"

பொடியன் ஓடுகிறான். மறுநாள் அவன் வருவதில்லை.

"இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பொறுமை இல்லை" என்கிறார்கள் பெரியவர்கள். குற்றம் பிள்ளை மீதா?

58 நிமிடம் சும்மா!

கணக்குப் போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். ஒருவன் போய் வர 20 விநாடி. முப்பது பேரும் போய் வர 600 விநாடி. அதாவது 10 நிமிடம். ஒரு மணி நேரத்தில் ஒருவனுக்குக் கிடைப்பது 6 முறை. மொத்தம் 2 நிமிடம்! மீதி 58 நிமிடமும் அவன் சும்மா நிற்கிறான்.

ரேஷன் கடையில் அரை மணி நேரம் நின்றாலே பெரியவர்களுக்குக் கோபம் வருகிறது. ஆறு வயதுப் பிள்ளை நண்டு வளை தோண்டியதோடு விட்டதே, நல்ல பிள்ளை!

முப்பது பேருக்குப் பத்துப் பந்து இருந்தால்? மூன்று பேருக்கு ஒரு பந்து. நிமிடத்துக்கு ஒரு முறை வாய்ப்பு வரும். அதே ஒரு மணி நேரத்தில் பந்து காலில் இருக்கும் நேரம் 20 நிமிடம். ஆசிரியர் அதே ஆசிரியர்தான், மணலும் அதே மணல்தான்.

5 வயது முதல் 17 வயது வரை உள்ளவர்கள் நாள்தோறும் சராசரி 60 நிமிடம் மூச்சு வாங்க ஓடி ஆட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020இல் சொன்னது. வரிசையில் நின்ற நேரம் அந்தக் கணக்கில் சேராது.

பந்து பிறக்கும் கரை

குமரி மாவட்டத்தின் மேற்குக் கோடிக்கு இது பெரிய விஷயம். நீரோடி, மார்த்தாண்டன்துறை, வள்ளவிளை, இரவிபுத்தன்துறை, சின்னத்துறை, தூத்தூர், பூத்துறை, இரையுமன்துறை. இந்தக் கடற்கரை ஊர்களில் கால்பந்து என்றால் உயிர். இரவிபுத்தன்துறையைச் சேர்ந்த மைக்கேல் சூசைராஜ் இந்திய அணிக்கே ஆடியவர். 2019-20இல் ஐ.எஸ்.எல். கோப்பையை வென்ற கொல்கத்தா அணியில் இருந்தவர்.

இங்கே தகப்பன்மார் பலர் ஆழ்கடலுக்குப் போனால் திரும்பி வர வாரக் கணக்கில் ஆகும். மாலை நேரத்தில் பிள்ளைகளைக் கட்டி மேய்ப்பவர்கள் ஊர் அண்ணன்மார்தான். சம்பளம் வாங்காமல் விசிலைக் கையில் எடுத்தவர்கள். அவர்கள் மேல் பழி போடுவது நியாயம் இல்லை. தங்களுக்குச் சொல்லிக் கொடுத்தபடியே சொல்லிக் கொடுக்கிறார்கள். ஆனால் பதினாறு வயதுக்காரனுக்கு ஏற்ற பயிற்சி ஆறு வயதுப் பிள்ளைக்கு ஏற்காது.

வாலைப் பிடுங்கு!

அமெரிக்காவில் "புட்பால்" என்றால் வேறு ஆட்டம். பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடுவார்கள். எதிராளி மேலே பாய்ந்து அமுக்குவான். எலும்பு முறிவதும் உண்டு. அதனால் அங்கே சின்னப் பிள்ளைகள் பலருக்கு "ஃபிளாக் புட்பால்" சொல்லிக் கொடுக்கிறார்கள். இடுப்பில் ரிப்பன் தொங்கும். அதை உருவிவிட்டால் ஓட்டம் நிற்கும். யாரும் யார் மேலும் விழ வேண்டாம். இந்த ஆட்டம் 2028இல் லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் முதல் முறையாக இடம் பெறுகிறது. அதற்கு ஒப்புதல் கிடைத்தது நம் மும்பையில்தான். 2023 அக்டோபரில் ஒலிம்பிக் குழு அங்கே கூடியபோது!

அந்த ரிப்பனை மட்டும் குமரிக் கடற்கரை கடன் வாங்கலாம்.

பழைய சேலையை முழ நீளத்துக்குக் கிழிக்க வேண்டும். ஆளுக்கு ஒரு துண்டு. பின்பக்கம் நிக்கரில் வால் மாதிரி செருகிக்கொள்ள வேண்டும். மணலில் ஒரு கட்டம் போட்டு, எல்லாரையும் ஒரே நேரத்தில் உள்ளே விட வேண்டும். பந்தைக் காலில் உருட்டிக்கொண்டே அடுத்தவன் வாலைப் பிடுங்க வேண்டும். தன் வாலையும் காக்க வேண்டும். பந்து போதாவிட்டால் பாதிப் பேர் பந்தோடும், பாதிப் பேர் பந்து இல்லாமலும் ஓடட்டும்.

கூச்சல் காதைப் பிளக்கும். பிளக்கட்டும்! தலையை நிமிர்த்திப் பார்ப்பது, சட்டென்று திரும்புவது, உடம்பைக் குறுக்கே விட்டுப் பந்தைக் காப்பது, இவை எல்லாம் அந்தக் கூச்சலுக்குள் தானாக வந்து சேரும்.

ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். வால் போனவன் வெளியே நிற்கக்கூடாது. மறுபடி செருகிக்கொண்டு உள்ளே வர வேண்டும். "அவுட்டானவன் ஓரமாக நில்" என்றால் முதலில் வெளியே போகிறவன் யார்? பயிற்சி அதிகம் தேவைப்படும் பிள்ளைதான்! அது பழைய வரிசையே.

பந்தும் சின்னதாக இருக்கட்டும். பெரியவர்கள் உதைக்கும் 5ஆம் நம்பர் பந்து 410 முதல் 450 கிராம் வரை எடை உள்ளது. வெறுங்காலோடு ஆடும் பொடியனுக்கு அது கல் மாதிரி. 3ஆம் நம்பர் போதும். பயிற்சி முடிவில் பதினொரு பேர் ஆட்டம் வேண்டாம். நாலு பேருக்கு நாலு பேர் ஆடினால் ஒருவனும் ஒளிந்து நிற்க முடியாது. ஓட்டத்தைத் தண்டனையாகக் கொடுப்பதையும் விட்டுவிடலாம். ஓடுவதுதானே இந்த ஆட்டம்? அதையே தண்டனை ஆக்கினால் பிள்ளைக்கு அது எப்படிப் பிடிக்கும்?

கரையில் அண்ணனின் செருப்பைக் காத்துக்கொண்டு தங்கை உட்கார்ந்திருக்கிறாள். அவள் இடுப்பிலும் ஒரு வாலைச் செருகினால் என்ன? அகில இந்திய கால்பந்து சம்மேளனம் 2018இல் தொடங்கிய "கோல்டன் பேபி லீக்" ஆட்டங்களில் 6 முதல் 12 வயது வரை சிறுவரும் சிறுமியரும் சேர்ந்தே ஆட முடிந்தது.

இன்னொரு கவலையும் உண்டு. அந்தக் கரையில் கடல் மணலைத் தின்கிறது. அலையைத் தடுக்கக் கல்லைக் கொட்டுகிறார்கள். தூண்டில் வளைவு போடுகிறார்கள். பிள்ளைகள் ஓடும் இடம் குறுகுகிறது. இருக்கிற கொஞ்ச மணலிலும் பிள்ளைகளை நிற்க வைப்பது எவ்வளவு வீண்!

திருவிழாவுக்குப் போட்டி நடத்தும் மன்றங்கள் பந்தலுக்கும் மைக் செட்டுக்கும் கோப்பைக்கும் தாராளமாகச் செலவு செய்கின்றன. அடுத்த போட்டிக்கு நோட்டீஸ் அடிக்கும்போதே பத்துச் சின்னப் பந்துக்கும் பணம் ஒதுக்கட்டும். பழைய சேலை எல்லா வீட்டிலும் இருக்கிறது.