பெட்டிக்குள் துப்பாக்கி... பெல்ட்டில் எடுத்த பிறகு?

அமெரிக்காவில் இருக்கும் ஃப்ரெண்டைப் பார்க்கப் போயிருக்கிறீர்கள். உள்நாட்டு விமானத்தில் ஒரு ஊரில் இறங்கி, லக்கேஜ் பெல்ட் முன்னால் நிற்கிறீர்கள். உங்கள் பெட்டிக்கு முன்னால் சுற்றி வரும் கறுப்புப் பெட்டிக்குள் ஒரு கைத்துப்பாக்கி இருக்கலாம். கடத்தல் எல்லாம் இல்லை பாஸ்... முழுக்க முழுக்க சட்டப்படி!

ஆமாம், அங்கே விமானத்தில் துப்பாக்கி கொண்டுபோகலாம். கேபினுக்குள் கூடாது, செக்-இன் லக்கேஜில் மட்டும். நடைமுறை ரொம்ப சிம்பிள். குண்டுகளை வெளியே எடுத்துவிட வேண்டும். கெட்டியான பெட்டியில் வைத்துப் பூட்ட வேண்டும். ஒவ்வொரு முறையும் ஏர்லைன்ஸ் கவுன்ட்டரில் "இதுல துப்பாக்கி இருக்கு" என்று சொல்லிவிட வேண்டும். சாவி உங்களிடமே இருக்கும். தோட்டாக்களையும் அதற்கான டப்பாவில் அடுக்கி செக்-இன்னில் போடலாம். வேட்டைக்குப் போகிறவர்கள், சுடும் போட்டிக்குப் போகிறவர்கள் எல்லாம் இப்படித்தான் பறக்கிறார்கள்.

இதில் ஒரு சுவாரஸ்யம். 'உள்ளே துப்பாக்கி' என்று பெட்டிக்கு வெளியே லேபிள் ஒட்டச் சொல்ல விமான நிறுவனத்துக்கு உரிமை இல்லை, சட்டமே தடுக்கிறது. ஒட்டினால் திருடனுக்கு அட்ரஸ் எழுதிக் கொடுத்த மாதிரி ஆகிவிடுமே!

இவ்வளவு ஈஸியான வழி இருந்தும், ஹேண்ட் பேகில் துப்பாக்கியோடு வந்து மாட்டுகிறவர்கள் ஏராளம். விமான நிலையப் பாதுகாப்பைக் கவனிக்கும் அமெரிக்க அரசு அமைப்பான டி.எஸ்.ஏ., 2023-ல் மட்டும் 6,737 துப்பாக்கிகளைப் பிடித்தது. அதில் 93 சதவிகிதம் குண்டு நிரப்பியவை. 2024-ல் 6,678. அந்த 2024-ல் அபராதம் சுமார் 15,000 டாலர் வரை போனது. அடிக்கடி சொல்லப்படும் காரணம், "பையில இருந்ததே மறந்துபோச்சு." நம்ம ஊரும் விதிவிலக்கு இல்லை. 2024 ஜூனில் சென்னை விமான நிலையத்தில் நடிகரும் முன்னாள் எம்.எல்.ஏ-வுமான கருணாஸின் பையில் 40 தோட்டாக்கள் சிக்கின. லைசென்ஸ் இருக்கிறது, பையில் கிடந்ததைக் கவனிக்கவில்லை என்பதுதான் அவரும் சொன்ன விளக்கம்.

மறதிக்காரர்கள் ஸ்கேனரில் சிக்கிவிடுகிறார்கள். எல்லா விதியையும் ஒழுங்காகப் பின்பற்றி வருகிறவர்?

2017 ஜனவரி 6. அலாஸ்காவின் ஆங்கரேஜ் நகரிலிருந்து ஃப்ளோரிடாவின் ஃபோர்ட் லாடர்டேல் விமான நிலையத்தில் வந்து இறங்கினார் எஸ்டபன் சான்டியாகோ. வயது 26, இராக் போரில் இருந்தவர். அவர் செக்-இன் செய்திருந்தது ஒரே ஒரு பெட்டி. கவுன்ட்டரில் முறைப்படி சொல்லிப் போட்ட துப்பாக்கிப் பெட்டி. அதை வாங்கிக்கொண்டு பாத்ரூமுக்குப் போனார். குண்டு நிரப்பினார். வெளியே வந்து, பெல்ட் பக்கம் நின்றவர்களைச் சுட்டார். 5 பேர் செத்துப்போனார்கள். 6 பேருக்குக் குண்டுக் காயம்.

அதற்கு இரண்டு மாதம் முன்பு அவரே ஆங்கரேஜ் எஃப்.பி.ஐ. அலுவலகத்துக்குப் போய், அரசாங்கம் தன் மூளையைக் கட்டுப்படுத்துவதாகச் சொல்லியிருந்தார். போலீஸ் துப்பாக்கியை வாங்கி வைத்தது. டிசம்பரில் திருப்பிக் கொடுத்தது. மனநிலை சரியில்லாதவர் என்று சட்டப்படி அறிவிக்கப்படாததால், பறித்து வைத்திருக்க வழி இல்லை.

நம்ம ஊரில் இருந்துகொண்டு இதைப் புரிந்துகொள்ள ஒரு விஷயம் தெரிய வேண்டும். சென்னையில் யாரையாவது ரிசீவ் பண்ணப் போனால் நாம் எங்கே நிற்போம்? வெளியே, கம்பித் தடுப்புக்குப் பின்னால். பெல்ட் பக்கம் பயணிகள் மட்டும்தான். அமெரிக்க உள்நாட்டுப் பயணத்தில் பெரும்பாலும் அப்படி இல்லை. பெல்ட் இருக்கும் ஹால், செக்கிங் எல்லைக்கு வெளியே இருக்கிறது. தெருவிலிருந்து யார் வேண்டுமானாலும் நடந்து வரலாம்.

துப்பாக்கி உரிமை ஆதரவாளர்கள் இதையே திருப்பிக் கேட்பார்கள்: "சுடணும்னு நினைக்கிறவன் கார்லயே வந்து சுட்டுட்டுப் போகலாமே, லக்கேஜ் விதியை எதுக்கு மாத்தணும்?" நியாயமான கேள்விதான். பெட்டியை மட்டும் இறுக்கினால் தீராது. ஆனால், கவுன்ட்டரில் கேட்கப்படுவது பூட்டு சரியா, குண்டு எடுத்தாச்சா என்பது மட்டும். அந்த ஆளைப் பற்றி எதுவும் இல்லை. விமானம் பத்திரமாகத் தரையிறங்கினால் போதும் என்று எழுதப்பட்ட விதி இது. இறங்கிய பிறகு அந்த ஹாலில் நிற்கிற பாட்டியும் குழந்தையும் கணக்கிலேயே வரவில்லை.

சான்டியாகோ குற்றத்தை ஒப்புக்கொண்டார். 2018-ல் ஐந்து ஆயுள் தண்டனை, கூடவே 120 வருடம். சம்பவத்துக்குப் பிறகு டெல்டா ஏர்லைன்ஸ், துப்பாக்கி இருக்கும் பெட்டியை பிளாஸ்டிக் டையால் கட்டி, அடையாள அட்டையைப் பார்த்துக் கொடுக்க ஆரம்பித்தது. அது அந்த நிறுவனம் வைத்துக்கொண்ட ஏற்பாடு, எல்லா விமானங்களுக்குமான சட்டம் இல்லை. அந்த டையை அறுக்க ஒரு நெயில் கட்டர் போதும்.