எடுத்தலும் பிடித்தலும் கொள்ளலும்

பிரெஞ்சு மொழியிலே பயிற்சி தொடங்கும் மாணாக்கருக்கு முதற் சில வாரங்களுக்குள்ளேயே எதிர்ப்படும் வினைச்சொற்களுள் 'பிராந்த்ர்' என்பதும் ஒன்று. உருவிலே சிறியது, பொருளிலோ எல்லை காண்டற்கரியது. பிரெஞ்சுப் பேரகராதிகள் இவ்வொரு சொல்லுக்குப் பத்தி பத்தியாக இடம் ஒதுக்கியிருக்கின்றன. நம் மாணாக்கர் கையிலுள்ள சிற்றகராதிகளோ இதற்கு நேரே 'டேக்' என்னும் ஆங்கிலச் சொல் ஒன்றை எழுதி அமைந்துவிடுகின்றன. அந்த ஒற்றைச் சொல்லை நம்பிப் புறப்படுவோர் எங்கெங்கே இடறுவர் என்பதே இவ்வாரம் நாம் எடுத்துக்கொண்ட பொருள்.

இது வகுப்பறையோடு முடிந்துபோகும் சங்கதியன்று. 1980-களிலிருந்து நம் நாட்டுத் தமிழர் பல்லாயிரவர் பிரான்சிலே குடியேறியுள்ளனர். பாரிஸ் நகரின் வடபாகத்திலே, லா ஷப்பல் என்னும் பகுதியிலே, தமிழ் எழுத்துப் பொறித்த கடைப் பலகைகளைக் காணலாம். அங்குள்ள மகனுக்கோ மருமகளுக்கோ வைத்தியசாலையிலிருந்தும் அரசாங்கக் காரியாலயங்களிலிருந்தும் வரும் கடிதங்களிலே இவ்வினையாவது இதன் வழிப்பிறந்த பெயராவது அடிக்கடி தலைகாட்டும். பரீட்சைக்காகப் படிப்போரும், அங்கே சென்று உறவினரோடு சேரும் நோக்குடன் படிப்போரும், ஒருங்கே தெளிந்திருக்கவேண்டிய சொல் இது.

நாம் பிரெஞ்சு மொழியைப் பெரும்பாலும் ஆங்கிலத்தின் வாயிலாகவே கற்கின்றோம். பல சொற்களைப் பொறுத்தமட்டில் இதனால் தீங்கில்லை. ஆனால், இவ்வினையைப் பொறுத்தமட்டில் ஆங்கிலத்தைக் காட்டிலும் தமிழே நமக்கு நல்ல வழிகாட்டி என்பது என் துணிபு.

ஓர் உதாரணம் பார்ப்போம். சுகவீனமுற்ற தாயாரை வைத்தியசாலைக்குக் கூட்டிச் சென்ற ஒருவர் அச்செய்தியை ஆங்கிலத்திலே சொல்லும்போது 'டேக்' என்னும் வினையையே ஆளுவர். அதனை அப்படியே பெயர்த்து 'பிராந்த்ர்' என்பாராயின், கேட்கும் பிரெஞ்சுக்காரர் திகைத்து நிற்பர். ஒருவரை ஓரிடத்துக்கு உடன்கூட்டிச் செல்லுதற்கு அவர்களிடம் 'ஆன்மெனே' என்னும் வேறு வினை உண்டு. பொருளைக் கொண்டு செல்லுதற்கு 'ஆன்போர்தே' உண்டு. ஏனெனில், 'பிராந்த்ர்' என்பது கையால் எட்டிப் பற்றுதல் என்று பொருள்படும் லத்தீன் வினையிலிருந்து பிறந்தது. கை நீளுகிறது; பற்றுகிறது; பற்றியது தன்பால் வந்து சேர்கிறது. அவ்வளவோடு அதன் இயல்பான வேலை முடிந்துவிடும். இங்கிருந்து அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தல் அதன் கடமையன்று. தமிழ்ப் பிள்ளை எதுவும் 'அம்மாவை ஆஸ்பத்திரிக்கு எடுத்தேன்' என்று சொல்லாது. தாய்மொழியிலே செய்யாத பிழையை ஆங்கிலத்தின் தோளிலேறிப் பிரெஞ்சிலே செய்கின்றோம். 'எட்டு மணிக்கு வந்து உன்னை ஏற்றிக்கொள்கிறேன்' என்னும் இடத்திலோ 'பிராந்த்ர்' சாலப் பொருந்தும். அங்கே ஆள் தன்பால் வந்து சேர்கிறார் அன்றோ?

பரீட்சை எழுதுதலிலும் இதே சிக்கல் உண்டு. ஆங்கிலேயர் பரீட்சையையும் 'டேக்' செய்வர். பிரெஞ்சுக்காரரோ அதற்குப் 'பாஸே' என்பர். அச்சொல்லைக் கேட்டவுடன் பிள்ளை சித்தியடைந்துவிட்டதென்று பெற்றோர் கற்கண்டு வழங்கத் தொடங்கிவிடலாகாது. பரீட்சைக்குத் தோற்றினான் என்பதே அதன் பொருள். சித்தியடைதலுக்குச் சொல் வேறு.

இனி, தமிழின் துணைகொண்டு இவ்வினையை அணுகுவோம். நம்மிடத்தே எடு, பிடி, கொள் என மூன்று வினைகள் இருக்கின்றன. இம்மூன்றும் பகிர்ந்து செய்யும் வேலையைப் பிரெஞ்சிலே 'பிராந்த்ர்' தனியொன்றாக நின்று செய்கிறது.

எடுத்தல் எளிது. படம் எடுத்தல், முடிவு எடுத்தல், ஓய்வு எடுத்தல், நோயாளியின் இரத்தம் எடுத்தல் ஆகிய எல்லாவற்றிற்கும் இவ்வினையே வரும். நாம் சொல்லுமாறே அவர்களும் சொல்லுவர், விளக்கம் வேண்டுவதில்லை. உணவிலே மட்டும் சிறிது கவனம் வேண்டும். காலை உணவை 'உண்டேன்' என்பதினும் 'எடுத்தேன்' என்பதே அவர்களுக்கு இயல்பு. கோப்பியும் அவ்வாறே. வைத்தியர் எழுதித் தரும் மருந்துச் சீட்டிலும் இவ்வினையைக் காணலாம். நாம் 'உட்கொள்க' என்று எழுதும் இடம் அது.

பிடித்தலுக்கு வருவோம். பஸ்ஸைப் பிடித்தல், புகையிரதத்தைப் பிடித்தல் என்று நாம் சொல்வதில்லையா? வழி கேட்டவனுக்கு, 'வலப்பக்கத்து முதல் தெருவைப் பிடித்து நேரே போ' என்று சொல்வதில்லையா? பாரிஸிலே வழி கேட்பவருக்கும் இவ்வினையைக் கொண்டே மறுமொழி கிடைக்கும். விறகிலே தீப் பிடித்தாலும், நட்ட கிளை வேர் பிடித்தாலும், கரைத்த சீமெந்து இறுகினாலும் அவர்களுக்கு ஒரே சொல்தான். முட்டையின் மஞ்சட் கருவையும் எண்ணெயையும் சேர்த்து அடித்து மயோனேஸ் என்னும் கூட்டு ஒன்று செய்வர். அது திரண்டு வந்தால் 'பிடித்துவிட்டது' என்று மகிழ்வர். திரளாவிட்டால் 'பிடிக்கவில்லை' என்று வருந்துவர். பாலிலே உறை விட்டுவிட்டுக் காலையிற் சட்டியைத் திறந்து பார்க்கும் நம் வீட்டுப் பெண்களுக்கு இவ்வருத்தம் நன்கு விளங்கும். ஒருவர் சொல்லும் சாக்குப்போக்கு எடுபடாதபோதும் 'அது பிடிக்காது' என்பது பிரெஞ்சு வழக்கு. எடுபடாது என்னும் நம் சொல்லுக்குள்ளும் எடுத்தல் ஒளிந்திருப்பதைக் கவனிக்க.

இவை மட்டுமல்ல. காரணமின்றிச் சினந்து கூச்சலிடுபவனைப் பார்த்து 'உனக்கு என்ன பிடித்தது?' என்று நாம் கேட்கின்றோம். பிரெஞ்சுக்காரரும் அவ்வண்ணமே, இவ்வினையைக் கொண்டே கேட்கின்றனர். தடிமனிலே மட்டும் நிலைமை மாறுகிறது. நம்மைத் தடிமன் பிடிக்கும்; அவர்களோ குளிரைத் தாமே சென்று பிடிப்பார்கள். ஒருத்தி ஒருவனிடத்தே மனம் பறிகொடுத்தலைக் கூறுதற்கு 'ஸேப்ராந்த்ர்' என்னும் வினை இலக்கிய நடையிலே வழங்கும். அது 'பிராந்த்ர்' என்பதன் கிளையே. 'அவளுக்கு அவனைப் பிடித்துவிட்டது' என்னும் நம் வீட்டுப் பேச்சு இங்கே நினைவுக்கு வரவேண்டும். ஆங்கிலச் சொல்லை வைத்துக்கொண்டு இந்த உறவை ஒருநாளும் காணமுடியாது.

விரைந்து தப்பியோடுபவனைப் பற்றிய வழக்கு ஒன்று உண்டு. 'கால்களைக் கழுத்துக்கு எடுத்தான்' என்பர். ஆங்கிலவழி கற்கும் பிள்ளை இதனைக் கண்டு சிரிக்கும். தமிழ் கேட்டு வளர்ந்த பிள்ளை சிரிக்கவேண்டியதில்லை. காற்பெருவிரலோ குதிகாலோ பிடரியிற் பட ஓடியவர்கள் நம் கதைகளிலே குறைவா? இவ்விரு மொழிகளும் ஒன்றையொன்று பார்த்து எழுதியவை அல்ல. ஓடுபவனின் கால் எங்கணும் ஒரே வகையாகத்தான் உயர்கிறது போலும். ஒருவர் உங்களிடம் 'கதவை எடுங்கள்' என்று சினந்து கூறினால் மட்டும் கதவைக் கழற்ற முற்படவேண்டா. வெளியே போ என்கிறார்.

இவ்வினையிலிருந்து பிறந்த பெயர்ச்சொல் 'பிரீஸ்'. 1789-ஆம் ஆண்டு ஜூலை 14-ஆம் தேதி பாரிஸ் மக்கள் பாஸ்டில் கோட்டையைப் பிடித்தனர். அப்பெருநிகழ்ச்சிக்கு வழங்கும் பெயரிலே இச்சொல்தான் உள்ளது. 1880-இல் அந்நாள் தேசியத் திருநாளாகச் சட்டமாக்கப்பட்டது. அதே சொல்தான் சுவரிலே மின்சாரம் பெறுதற்கு அமைத்த துளைக்கும் பெயர். அதே சொல்தான் பரிசோதனைக்காக இரத்தம் எடுத்தலுக்கும் பெயர். கோட்டையும் குருதியும் மின்சாரமும் ஒரு சொல்லுக்குள் அடங்கிவிடுகின்றன.

ஆயினும், நம்மவர் தவறாது அறியவேண்டியது 'பிரீஸ் ஆன் ஷார்ஜ்' என்னும் தொடர். பிரான்சிலே 1945-இல் நிறுவப்பட்ட சமூகப் பாதுகாப்பு முறையின் கடிதங்களில் இது இடையறாது வரும். ஆங்கிலக் கண்ணோடு இதனைப் பார்ப்பவருக்குக் கடைசிச் சொல் கட்டணமாகத் தோன்றும். அன்றேல் பொலிசார் சுமத்தும் குற்றச்சாட்டாகத் தோன்றும். முதற் சொல்லோ பிடித்தல். நோயாளியைப் பிடித்துக் கட்டணம் வாங்கப் போகிறார்கள் என்று வீடே கலங்கக்கூடும். உண்மைப் பொருள் இதற்கு நேர்மாறானது. அங்கே கடைசிச் சொல்லுக்குச் சுமை என்று பொருள். உம் செலவுச் சுமையை நாம் ஏற்றுக்கொள்கிறோம் என்பதே அத்தொடரின் கருத்து. நீண்டகால நோய்களென அரசு வகுத்த பட்டியலிலுள்ள நோயொன்று வந்தவருக்கு, அந்நோய்க்குரிய சிகிச்சைச் செலவு நிர்ணயித்த கட்டண அளவில் 100 வீதமும் ஏற்கப்படுமென்று எழுதும்போதும் இத்தொடரையே எழுதுவர். தமிழிலே பொறுப்பேற்றல் என்போம். பொறுப்பு என்னும் சொல்லும் பொறுத்தல், அதாவது சுமத்தல், என்பதன் வழி வந்ததே. இத்தொடரின் முன்னே 'ரெஃப்யூ' என்னும் சொல் நின்றால் மாத்திரம் கலங்க இடமுண்டு. மறுப்பு என்பது அதன் பொருள்.

மூன்றாவதாகக் கொள்ளல். ஒருவரை இன்னாரென்று பிழையாகக் கருதிக்கொள்ளுதல் இவ்வினையாலேயே சொல்லப்படும். 'என்னை யாரென்று எண்ணிக்கொண்டீர்?' என்று ஒருவர் சினந்து கேட்பதும் இதனாலேதான். விடைகொள்ளுதலையும் விட்டுவிடலாகாது. 'பிராந்த்ர் கோன்ஜே' என்பதிலுள்ள 'கோன்ஜே' பழங்காலத்திலே செல்லுதற்குரிய அனுமதியைக் குறித்தது. இக்காலத்திலே விடுமுறையையும் குறிக்கும். நம் விடையும் அனுமதியே. அனுமதி பெறாது எழுந்து போகலாகாது என்னும் மரியாதை இரு மொழியிலும் இவ்வாறு தங்கியிருக்கிறது.

அறிதல், கற்றல் என்பனவும் இவ்வினையின் கிளைகளே. 'கொம்ப்ராந்த்ர்' என்பது பொருள் கொள்ளுதல். உள்ளடக்குதலும் அதற்குப் பொருளாகையால், உணவுச்சாலைப் பற்றுச்சீட்டிலே 'ஸெர்வீஸ் கொம்ப்ரி' என்று இருந்தால் பரிமாறும் கூலி விலையினுள் அடங்கியது என்று கொள்க. 'அப்ராந்த்ர்' என்பதோ கற்றலையும் கற்பித்தலையும் ஒருங்கே குறிக்கும். மாணாக்கனும் 'அப்ராந்த்ர்' செய்கிறான். ஆசிரியனும் அதையே செய்கிறான். பல்லாண்டு கற்பித்தவர்களுக்கு இதிலே வியப்பொன்றும் தோன்றாது. பிரெஞ்சு அக்கடமியார் 1694-இலே தம் அகராதியின் முதற் பதிப்பை வெளியிட்டபோது, சொற்களை அகர வரிசைப்படுத்தாது வேர்ச்சொல்லின் கீழ்க் கிளைச்சொற்களைத் தொகுத்தனர். தேடுவோருக்கு அது இடையூறாயிற்றுப் போலும். 1718-இல் வந்த இரண்டாம் பதிப்பு அகர வரிசைக்கு மாறிற்று. ஆயினும், இத்தகைய சொற்களை மனத்திலே பதிக்க அந்தப் பழைய முறையே சிறந்ததென்பேன்.

பரீட்சைக்குத் தோற்றும் மாணாக்கருக்கு இரண்டொரு குறிப்பு. நிகழ்காலத்திலே ஒருமை மூன்றும் காதுக்குப் 'பிரான்' என்றே ஒலிக்கும். எழுத்திலே ஈற்றை மறவாதீர்கள். பன்மையிலே 'பிரெனோன்', 'பிரெனே', 'பிரென்' என வரும்போது மூலத்திலுள்ள தகர ஒலி மறைந்துபோம். கடைசி வடிவிலே நகரத்தை இரட்டித்து எழுதவேண்டும். இறந்தகாலத்திலே 'பிரி' என்பது, முன்னே நிற்கும் செயப்படுபொருள் பெண்பாலாயின், 'பிரீஸ்' ஆகும். 'நான் எடுத்த படம்' என்னும் தொடரிலே படம் பிரெஞ்சுக்குப் பெண்பால். வேறு பல வினைகளிலே இம்மாற்றம் எழுத்தளவில் நின்றுவிடும். இங்கே வாய்மொழிப் பரீட்சையிலும் பிழை வெளிப்பட்டுவிடும்.

அகப்படுதல், ஏமாறுதல் என்னும் பொருளும் இதற்கு உண்டு. 'இனி என்னை இதிலே பிடிக்க முடியாது' என்பது ஏமாந்தவர் சொல்லும் வழக்கமான சூளுரை. லா ஃபொந்தேன் என்னும் புலவர் 1668-இல் வெளியிட்ட நீதிக்கதைகளிலே காகமும் நரியும் பற்றிய கதை ஒன்று உண்டு. பிரெஞ்சுப் பிள்ளைகள் பள்ளியிலே மனப்பாடம் செய்யும் கதை அது. நரியின் முகத்துதிக்கு மயங்கி வாயைத் திறந்த காகம், காலம் பிந்தி, இவ்வினையைக் கொண்டுதான் சபதம் செய்கிறது. நம் கதையிலே காகம் இழப்பது வடை, அங்கே பாற்கட்டி.