பிரேக் பெடல் தானாகக் கீழே இறங்குதா? மாஸ்டர் சிலிண்டர் பில்லில் ஜிஎஸ்டி குறைப்பு எவ்வளவு மிச்சம் தரும்?

சிக்னலில் பிரேக்கை மிதித்தபடி நிற்கும்போது பெடல் மெல்லத் தரையை நோக்கி இறங்குகிறது. மெக்கானிக் பார்த்துவிட்டு, "மாஸ்டர் சிலிண்டர் போச்சு சார், மாத்திடலாம்" என்கிறார். சரி, எவ்வளவு ஆகும்?

2025 செப்டம்பர் 22 முதல் வாகன உதிரிபாகங்களுக்கான ஜிஎஸ்டி 28%-லிருந்து 18% ஆகிவிட்டது. அப்போ பில்லும் 10% குறையணுமே? அங்கேதான் கணக்கு இடிக்கிறது. பாகத்தின் அடிப்படை விலை 3,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். முன்பு வரியோடு 3,840, இப்போது 3,540. வேலைக்கூலி 1,500 என்றால், அதற்கு அன்றும் 18%தான், இன்றும் 18%தான். ஆக, 5,610 ஆகியிருக்க வேண்டிய பில் 5,310 ஆகும். குறைவது 300 ரூபாய், ஐந்து சதவிகிதத்தைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். அதுவும் கடைக்காரர் பழைய எம்ஆர்பி-யைக் காட்டாமல் இருந்தால்! பில்லில் வரி விகிதத்தைப் பாருங்கள். குறைப்பைத் தர மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் செய்யலாம்.

உண்மையில் பெரிய மிச்சம் வேறு இடத்தில் இருக்கிறது. பெடல் இறங்கினாலே மாஸ்டர் சிலிண்டர்தான் காரணம் என்றில்லை. லைனில் காற்று புகுந்திருக்கலாம், பின் சக்கர சிலிண்டரில் ஆயில் கசியலாம். வெளியே எங்கும் கசிவு இல்லை, ஆயில் அளவும் குறையவில்லை, ஆனாலும் பெடல் இறங்குகிறது என்றால் உள்ளே ரப்பர் சீல் தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். கசிவே தெரியாமல் ஆயில் மட்டும் குறைந்தால், அது பூஸ்டருக்குள் இறங்கியிருக்கலாம். இதையெல்லாம் சோதித்தாரா என்று கேட்டுவிட்டுச் சம்மதிப்பது நல்லது.

பழைய கார்களில் ரப்பர் கிட் மட்டும் மாற்றினால் செலவு குறையும். ஆனால் சிலிண்டரின் உட்சுவரில் கீறல் இருந்தால் புது ரப்பரும் சீக்கிரம் தேய்ந்துவிடும். எது மாற்றினாலும் புது பிரேக் ஆயில் ஊற்றி ஏர் எடுக்கணும். ஏபிஎஸ் உள்ள சில கார்களில் அதற்கு ஸ்கேன் கருவியும் தேவைப்படும், கூலியும் ஏறும்.

இன்சூரன்ஸ்? தேய்மானத்துக்குக் கிடைக்காது. ஈரத்தை உறிஞ்சும் பிரேக் ஆயிலை சுமார் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுவது, அந்த சிலிண்டரை விட ரொம்ப மலிவு.

பெடல் இறங்க ஆரம்பித்த காரை மட்டும் ஒர்க்‌ஷாப் வரை ஓட்டிப்போக வேண்டாம், டோ செய்யுங்கள்.