சிறுவர் கண்ணும் விளையாட்டு மைதானமும்

நம் சிறுவர் சிறுமியரின் மூக்கின்மேல் இளவயதிலேயே கண்ணாடி ஏறிவருவதைக் குறித்து இப்போது பேசாதவர் இல்லை. பேசுவோர் அனைவரும் ஒரே குற்றவாளியைக் கூண்டில் நிறுத்துகின்றனர், அது செல்போன். தீர்ப்பும் உடனே கிடைத்துவிடுகிறது: பெற்றோர் அதைப் பிடுங்கி வைக்கவேண்டும். இத் தீர்ப்பு சர்க்காருக்கும் பள்ளி நிர்வாகிகளுக்கும் மிகவும் சௌகரியமானது. அவர்கள் செய்யவேண்டியது யாதொன்றுமில்லையன்றோ!

செல்போன் நிரபராதி என்று வாதாட நாம் வரவில்லை. மணிக்கணக்காக முகத்தருகே வைத்து ஒன்றையே உற்று நோக்குவது வளரும் கண்ணுக்கு ஆகாதென வைத்தியர்கள் எச்சரிக்கின்றனர். ஆயினும் சாட்சியம் முழுவதையும் விசாரிக்க வேண்டும். சிங்கப்பூரிலும் ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரிலும் வசித்த 6, 7 வயதுச் சீன வம்சத்துக் குழந்தைகளை ஒப்பிட்ட ஆராய்ச்சி ஒன்று 2008-ம் வருஷத்தில் வெளியாயிற்று. சிங்கப்பூரில் 100-க்கு 29 பேருக்குக் கிட்டப்பார்வை. சிட்னியில் 3 பேருக்கே. பெற்றோரின் கண்குறை இரண்டிடத்தும் ஏறக்குறைய ஒன்றே. புத்தகம் படித்ததிலோ சிட்னிக் குழந்தைகளே முந்தியிருந்தனர். வித்தியாசம் வேறிடத்தில் இருந்தது. சிட்னிக் குழந்தை வாரத்தில் சுமார் 14 மணி நேரத்தைத் திறந்த வெளியில் கழித்தது. சிங்கப்பூர்க் குழந்தைக்கு வாய்த்ததோ 3 மணி நேரம். அக்குழந்தைகள் எவர் கையிலும் இன்றைய செல்போன் இருந்ததில்லை என்பதையும் நேயர்கள் கவனிக்க.

கிட்டப்பார்வையில் விழிக்கோளம் அளவுமீறி நீண்டுவிடுகிறது. பகலொளி படும்போது விழித்திரையில் டோபமைன் என்னும் இரசாயனம் சுரந்து அந்நீட்சியைத் தடுக்கிறதென்பது ஆராய்ச்சியாளர் கொள்கை. மரநிழல் வெளிச்சமே வகுப்பறை விளக்கைப் பல மடங்கு விஞ்சும். ஆகையால் சித்திரை வெயிலில் குழந்தைகளை வாட்டச் சொல்கிறோமென்று எவரும் அஞ்சவேண்டா. நீண்ட விழி மீண்டும் குறுகாது. கண்ணாடி பார்வையைத் திருத்துமேயன்றி, பிற்காலத்தில் விழித்திரை பிரியக்கூடிய அபாயத்தை நீக்காது.

சீன தேசத்துக் குவாங்சௌ நகரில், சில பள்ளிகளின் பிள்ளைகளைத் தினம் 40 நிமிஷம் கூடுதலாக வெளியே விட்டுப் பார்த்தனர். 3 வருஷத்தில் புதிதாகக் கிட்டப்பார்வை கண்டவர் அப்பள்ளிகளில் 100-க்கு 30.4, மற்றவற்றில் 39.5. தைவான் சர்க்கார் 2010-ல் தினம் 120 நிமிஷ வெளிவாசத்தைப் பள்ளிகளில் வற்புறுத்தத் தொடங்கினர். அதுவரை ஏறிக்கொண்டே வந்த பார்வைக் குறைவு, பிறகு சிறிது சிறிதாக இறங்கிற்று.

நம் நாட்டில் சட்டத்துக்குக் குறைவில்லை. 2009-ம் வருஷத்துக் கட்டாயக் கல்விச் சட்டத்தின் அட்டவணையிலேயே விளையாட்டு மைதானம் இடம்பெற்றிருக்கிறது. ஹரியானாவில் கிராமப் பள்ளிக்குரிய நிலத்தை ஆக்கிரமித்தோர் வழக்கில், மைதானமில்லாத பள்ளி இருக்கலாகாதென 2023-ல் சுப்ரீம் கோர்ட்டு கூறிற்று. ஆயினும் நம் பட்டணங்களில் நெருக்கடியான மாடிக் கட்டிடங்களில் பள்ளி நடத்துவோரைக் கேட்பாரில்லை. மைதானம் உள்ள இடத்திலும் தேகாப்பியாச நேரத்தைக் கணக்கு உபாத்தியாயர் கைப்பற்றிக்கொள்கிறார். பள்ளி விட்டால் டியூஷன். டியூஷன் முடிவதற்குள் இருட்டிவிடுகிறது. இருட்டியபின் பிள்ளைக்கு எஞ்சும் விளையாட்டு செல்போன் ஒன்றே. அதையும் பிடுங்குவதுதான் நாம் கண்ட பரிகாரம்!

கல்வி இலாகாவார் அங்கீகாரத்தைப் புதுப்பிக்கும்போது காகிதத்தைப் பாராமல் மைதானத்தை நேரில் பார்க்கட்டும். தேகாப்பியாச வகுப்பை வேறு பாடத்துக்கு எடுத்துக்கொள்வதைத் தடுத்து, அவ்வுத்தரவு பரீட்சை மாதத்திலும் செல்லும்படி செய்யட்டும். இடமில்லாத பழைய பள்ளிகளுக்கு, அருகிலுள்ள பூங்காவைப் பகலில் ஒரு மணி நேரம் ஒதுக்கித் தர நகரசபைகளுக்குப் பெருஞ் செலவொன்றும் ஆகாது.