பெயரை அல்ல, பிறந்த வருடத்தைக் கேளுங்கள்

முகப்பில் ‘ஐ7’ என்று ஒட்டியிருப்பதை மட்டும் பார்த்துப் பிள்ளைக்குக் கம்ப்யூட்டர் வாங்காதீர்கள். தஞ்சாவூரில் நீண்ட காலமாகக் கம்ப்யூட்டர் பழுது பார்ப்பவன் என்ற முறையில், டெல்டாவின் ஒவ்வொரு வீட்டுக்கும் இதைச் சொல்ல விரும்புகிறேன். 2011 ஜனவரியில் இன்டெல் விற்பனைக்குக் கொண்டுவந்த ஐ7-2600 பிராசசரும் ஐ7தான். 2021 நவம்பரில் வந்த ஐ7-12700கே பிராசசரும் ஐ7தான். முன்னதில் 4 கோர், பின்னதில் 12 கோர். வரிசையின் பெயர் ஒன்று என்பதற்காக இரண்டும் ஒரே தரம் ஆகிவிடாது.

சம்பா அறுவடை முடிந்து, கொள்முதல் நிலையத்துப் பணம் வங்கிக் கணக்கில் ஏறியதும் எங்கள் ஊரில் கம்ப்யூட்டர் விசாரிப்பவர்கள் கூடுவார்கள். அதை விட்டால் கல்லூரி சேரும் ஜூன், ஜூலை. இந்த இரண்டு பருவத்திலும் நிறையக் கைமாறுவது, பெருநகர அலுவலகங்கள் கழித்துப்போட்ட டெஸ்க்டாப்கள். 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11-க்கோ, பொதுவாக இன்டெலில் எட்டாம் தலைமுறையிலிருந்தும் ஏஎம்டியில் ரைசன் 2000 வரிசையிலிருந்தும்தான் முறையான அனுமதி. அதற்கு முந்தைய பெட்டிகளுக்கு அலுவலகங்களில் இனி இடமில்லை. அவை மலிவாக நம் பக்கம் வருகின்றன. அவற்றோடு அவற்றைவிடப் பழையவையும் கலந்து வருகின்றன.

பாபநாசம் பக்கத்திலிருந்து ஒரு விவசாயி மகனை அழைத்துக்கொண்டு என் கடைக்கு வந்தார். “பதினஞ்சாயிரம் குடுத்தோம் தம்பி. ஐ7, பதினாறு ஜிபி ரேம், கேமிங் பிசின்னு சொல்லித்தான் குடுத்தாங்க. பய ஒண்ணுமே விளையாட முடியலங்குறான்” என்றார். பெட்டியைத் திறந்தேன். ஐ7-2600, எச்61 மதர்போர்டு, வண்ண விளக்கு எரியும் ஃபேன்கள். விண்டோஸ் 11-இன் தகுதிச் சோதனையைத் தந்திரமாகத் தாண்டவைத்து ஏற்றியிருந்தார்கள். பையன் ஆசைப்பட்டது வாலரன்ட் விளையாட்டுக்கு. விண்டோஸ் 11-இல் டிபிஎம் 2.0 பாதுகாப்பு வசதி இருந்தால்தான் அது ஓடும். அந்த மதர்போர்டில் அந்த வசதி இல்லை. ‘விஏஎன் 9001’ என்ற பிழை எண்தான் திரையில் திரும்பத் திரும்ப வந்தது. 2025-26 பருவத்தில் சாதாரண ரக நெல்லுக்குத் தமிழகத்தில் கொள்முதல் விலை குவிண்டாலுக்கு 2,500 ரூபாய். பதினைந்தாயிரம் ரூபாய் என்றால் ஆறு குவிண்டால் நெல், 40 கிலோ சிப்பத்தில் பதினைந்து சிப்பம். அவர் ஏமாந்து நின்றதைப் பார்த்து எனக்குக் கோபம்தான் வந்தது.

பழையதுக்கும் புதியதுக்கும் உள்ள வித்தியாசம் எங்கே இருக்கிறது என்று பார்ப்போம். 2011-இன் ஐ7-2600-ஐயும் 2022 ஜனவரியில் வந்த ஐ3-12100-ஐயும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டிலும் 4 கோர், 8 த்ரெட். உச்ச வேகம் ஒன்றில் 3.8 கிகாஹெர்ட்ஸ், மற்றதில் 4.3. எண்களைப் பார்த்தால் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில்தான் நிற்கின்றன. ஓடவிட்டால் ஐ3 எங்கோ முன்னே போய்விடும். ஒவ்வொரு துடிப்பிலும் அது செய்து முடிக்கும் வேலை அதிகம். பழையதற்கு டிடிஆர்3-1333 ரேம்தான் கதி; புதியது டிடிஆர்4-3200 ரேமோடு பேசும். 2013-இல் இன்டெல் சேர்த்த ஏவிஎக்ஸ்2 என்ற கட்டளைத் தொகுப்பு பழையதில் கிடையாது. அண்மைக்கால விளையாட்டுகள் சில, அது இல்லாத பிராசசரில் தொடங்கவே தொடங்காது. தொடங்குபவையும் திக்கித் திக்கி ஓடும். எதிரி திரும்பும் அந்த நொடியில் படம் உறைந்துபோனால், சராசரி வேகம் எவ்வளவு இருந்தும் பயனில்லை.

“பிராசசர் பழசா இருந்தா என்ன, ஒரு கிராபிக்ஸ் கார்டு போட்டாப் போச்சு” என்று சொல்பவர்கள் உண்டு. கார்டுக்கும் பாதை வேண்டும். 2022-இல் வந்த ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி போன்ற மலிவுக் கார்டு நான்கே தடங்களில் இயங்குவது. அதற்குரிய பிசிஐஇ 4.0 பாதையில் நொடிக்குச் சுமார் 8 ஜிபி தரவு போகும். ஐ7-2600 தருவதோ பிசிஐஇ 2.0, அதில் அதே கார்டுக்குக் கிடைப்பது 2 ஜிபி. கார்டுக்குக் கொடுத்த பணத்தின் பலன் முழுதாகக் கைக்கு வராது.

விதை நெல் வாங்கும்போது நம் விவசாயி இப்படி ஏமாற மாட்டார். ஆடுதுறை 43 என்று மூட்டையில் எழுதியிருந்தால் மட்டும் அவருக்குப் போதாது. சான்று விதையின் நீல அட்டையைத் திருப்பிப் பார்ப்பார்: குவியல் எண், எந்தத் தேதி வரை செல்லும். அந்தக் கண்ணோடு கம்ப்யூட்டரையும் பாருங்கள் என்பதுதான் என் வேண்டுகோள். இன்டெலின் ஐ வரிசை டெஸ்க்டாப் பிராசசரில் மாடல் எண் நான்கு இலக்கமாக இருந்தால் முதல் இலக்கம் தலைமுறை: 2600 இரண்டாம் தலைமுறை, 8400 எட்டாம் தலைமுறை. ஐந்து இலக்கமாக இருந்தால் முதல் இரண்டு இலக்கம்: 12400 பன்னிரண்டாம் தலைமுறை. கடையிலேயே பெட்டியை ஓடவிட்டு டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் பிராசசரின் முழுப்பெயர் தெரியும். ஒரு நிமிட வேலை.

அப்படியானால் எதை வாங்குவது? 2013-க்கு முந்தியதை விளையாட்டுக்காக எந்த விலைக்கும் வாங்க வேண்டாம். கணக்கு எழுத, மனு தட்டச்சு செய்ய லினக்ஸ் ஏற்றி வைத்துக்கொள்ளலாம். கையில் பணம் குறைவு என்றால் ஐ5-8400, 8500 போன்ற எட்டாம் தலைமுறை அலுவலகப் பெட்டியைத் தேடுங்கள். அதில் ஜிடிஎக்ஸ் 1650 போன்ற 75 வாட் கார்டைப் போடலாம்; அந்த வகையில் பல கார்டுகளுக்குத் தனி மின் கேபிள் தேவையில்லை. பெட்டி ஒல்லியாக இருந்தால் குட்டைக் கார்டுதான் நுழையும் என்பதை மட்டும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள்.

கொஞ்சம் கூடுதலாகச் செலவழிக்க முடிந்தால் 2022-இன் ரைசன் 5 5600 அல்லது ஐ5-12400எஃப். இரண்டும் 6 கோர், 12 த்ரெட். இரண்டுமே டிடிஆர்4 ரேமில் ஓடும். இன்றைய சந்தையில் இவை புதியவை அல்ல. ஆனால் கொடுக்கும் பணத்துக்குக் கிடைக்கும் பலன் இவற்றில்தான் அதிகம் என்பது என் உறுதியான கருத்து. 2017-இல் ரைசன் 3 1200 வாங்கியவர்களுக்கு இன்னும் நல்ல செய்தி: மதர்போர்டு நிறுவனம் பயாஸ் மேம்பாடு தந்திருந்தால், அதே ஏஎம்4 சாக்கெட் போர்டில் 5600-ஐப் பொருத்திவிடலாம். ரேம், போர்டு, பெட்டி எதையும் மாற்ற வேண்டாம். இன்டெல் அந்தக் காலத்துக்குள் சாக்கெட்டை மாற்றிக்கொண்டே போனது. ஒவ்வொரு மாற்றத்திலும் போர்டுச் செலவு வாங்குபவர் தலையில்தான் விழுந்தது. பிராசசருக்கு விலை கேட்பதுபோல், அந்த சாக்கெட்டில் நாளை எதைப் பொருத்தலாம் என்றும் கேளுங்கள்.

ஆகப் புதியதுதான் வேண்டும் என்ற பிடிவாதமும் நல்லதல்ல. 2024 நவம்பரில் வந்த ரைசன் 7 9800எக்ஸ்3டி விளையாட்டுக்கென்றே அபாரமான பிராசசர், அதை மறுக்கவில்லை. ஆனால் வீட்டில் இருப்பது 60 ஹெர்ட்ஸ் மானிட்டர் என்றால் நொடிக்கு 60 படத்துக்கு மேல் கண்ணுக்கு வரப்போவதில்லை. அதன் ஏஎம்5 போர்டுக்கு டிடிஆர்5 ரேம்தான் வேண்டும். செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்கள் ரேமை வாரிக்கொண்டு போனதால் 2025 கடைசியில் அதன் விலை எகிறியது. புதிது என்பதாலேயே மேலானது என்றும் இல்லை. இன்டெலின் 13, 14-ஆம் தலைமுறை உயர்ரகப் பிராசசர்கள் 2024-இல் மின்னழுத்தக் கோளாறில் சிக்கின. அதே ஆண்டு அக்டோபரில் டெஸ்க்டாப்புக்கு வந்த கோர் அல்ட்ரா, விளையாட்டில் தன் முந்தைய தலைமுறையை முந்தவில்லை. மிச்சமாகும் பணத்தை கிராபிக்ஸ் கார்டில் போடுவதே புத்திசாலித்தனம்.

புதியது வாங்கினால் கரண்ட் பில் குறையும் என்று சொல்லி விற்பதையும் கணக்குப் போட்டுப் பாருங்கள். பழைய பெட்டி 60 வாட் கூடுதலாக இழுத்தாலும், நாளுக்கு நான்கு மணி நேரம், இரண்டு மாதத்துக்கு 14.4 யூனிட்தான். கட்டண விகிதம் மாறும் 500 யூனிட்டை ஒட்டி நிற்கும் வீட்டுக்கு மட்டும் அது கவலை. நம் ஊரில் பெட்டியைக் கொல்வது வேறு. அறுவடைக் காலத்தில் நெல் சுணையும் தூசியும் ஹீட்சிங்கை அடைத்துக்கொள்கின்றன. வோல்டேஜ் ஏறி இறங்கி மலிவு எஸ்எம்பிஎஸ்ஸைப் பொசுக்குகிறது. வண்ண விளக்கு ஃபேனுக்குக் கொடுக்கும் காசில் நல்ல எஸ்எம்பிஎஸ் வாங்குங்கள், ஒரு யுபிஎஸ் வையுங்கள்.

“படிக்கிற பிள்ளைக்கு கேம் எதுக்கு?” என்று கேட்கும் பெற்றோருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். வாலரன்ட் ஓடும் அதே பெட்டியில்தான் ஆட்டோகேட் ஓடும், பிளெண்டர் ஓடும், ஆண்ட்ராய்டு ஸ்டூடியோ ஓடும். பெட்டியைக் கழற்றி ரேம் மாற்றக் கற்றுக்கொண்டு, அதையே தொழிலாக எடுத்த பிள்ளைகளை நான் அறிவேன். விளையாட்டும் தன்னளவில் மதிக்கத்தக்கதுதான். நகரத்துப் பிள்ளைக்குக் கிடைக்கும் நல்ல இயந்திரம் ஒரத்தநாட்டுப் பிள்ளைக்கும் கிடைக்க வேண்டும்.

கடைக்காரர்களிடம் என் கோரிக்கை ஒன்றே ஒன்று. செகண்ட் ஹேண்ட் பெட்டி விற்கும்போது பிராசசரின் முழு மாடல் எண், வெளிவந்த ஆண்டு, விண்டோஸ் 11-க்கு முறையான தகுதி உண்டா இல்லையா என்பதை பில்லிலேயே எழுதிக் கொடுங்கள். பொருளின் தரத்தை அறிந்து வாங்கும் உரிமையை 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் தந்திருக்கிறது. புகார் சொல்ல 1915 என்ற எண் இருக்கிறது. நேர்மையாக வியாபாரம் செய்பவருக்கு இதனால் ஒரு நஷ்டமும் இல்லை. எழுதித் தர மறுத்தால், எத்தனை மலிவாக இருந்தாலும் அந்தக் கடையில் வாங்க வேண்டாம்.